24 மில்லிமீட்டர்

என் உயரம் 5 அடி 6 அங்குலம். ரேலி கிட் (மண்ணில் ஓட்டுவதற்கான உயரமான சஸ்பென்ஷன் தொகுப்பு) போட்ட என் எக்ஸ்பல்ஸ் பைக்கின் சீட் தரையிலிருந்து 885 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. என் சிக்கல் எல்லாம் இந்த இரண்டு எண்களில்தான் தொடங்கியது.

வண்டி எக்ஸ்பல்ஸ் 200 4வி. கடையிலிருந்து வரும்போது முன் ஃபோர்க்கின் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம், 190 மி.மீ., பின்னால் 170. ரேலி கிட் சஸ்பென்ஷன் போட்டால் அது 250, 220 என்று ஆகும். வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 220-லிருந்து 270 ஆகும். சுல்தான்பேட்டைப் பக்கம் நண்பர் ஒருவருடைய தரிசு நிலத்தில்தான் நாங்கள் ஓட்டுகிறோம். செம்மண், நடுவில் சுக்கான்கல் தலைகாட்டும் மேடு, ஒரு வறண்ட ஓடை, நாலைந்து வரப்புகள், டிராக்டர் போய்ப் போய் விழுந்த குழிகள். ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மலையடிவாரத்துக் காப்புக்காடுகளுக்குள் வண்டியை விடக் கூடாது, விடவும் மாட்டோம். சொந்த நிலமோ, கேட்டு வாங்கிய நிலமோ இருந்தால்தான் இந்த ஆசையை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியும்.

கிட் மாட்டிய அன்று வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் கால் விரல் நுனி மட்டும்தான் தரையைத் தொட்டது. சிக்னலில் நின்றால் விழுந்துவிடுவேனோ என்று பயம். ஸ்பேனரும் சுத்தியலும் எடுத்தேன், பின் ஷாக்கின் லாக்நட்டைத் தளர்த்தினேன், ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் பிரீலோடு வளையத்தை ஐந்து சுற்றுக் கழற்றிவிட்டேன். பின்பக்கம் இறங்கியது. பாதத்தின் முன்பாதி தரையில் பட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மூன்று மாதம் நான் பட்ட பாட்டுக்கு இதுதான் காரணம் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் தெரிந்தது வளைவில். ஓடைக்கு முன்னால் இடதுபக்கம் ஒரு திருப்பம், மேலே மெல்லிய புழுதி. கிட் போடுவதற்கு முன் அங்கே வண்டி நினைத்த கோட்டில் திரும்பும். இப்போது ஹேண்டிலைத் திருப்பினாலும் முன்சக்கரம் வெளிப்பக்கமே போனது. டயரில் பிடிப்பில்லை என்று நினைத்து முன் டயரை மாற்றினேன். மாற்றமில்லை. ஃபோர்க் மென்மையாக இருக்கிறது என்று முடிவு செய்து, சொல்லப்பட்டதைவிடக் கெட்டியான ஆயிலை ஊற்றினேன். ஊற்றும்போது கொஞ்சம் கூடுதலாகவும் ஊற்றினேன். வண்டி திரும்பவில்லை, கை மட்டும் வலிக்க ஆரம்பித்தது. இரண்டு சுற்றுக்கு மேல் மணிக்கட்டு தாங்கவில்லை. மேலே இருந்த கிளிக்கரை, அதாவது டேம்பிங்கைக் கூட்டிக் குறைக்கும் திருகை, அப்படியும் இப்படியும் திருகினேன், எங்கே தொடங்கினேன் என்று எழுதி வைக்கவும் இல்லை.

அப்பா கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். பைக் ஓட்டுவதில் அவருக்கு ஆர்வம் கிடையாது. நான் மூன்றாவது முறை ஃபோர்க்கைக் கழற்றுவதைப் பார்த்துவிட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

“என்ன கண்ணு, எத்தன இருக்கோணும், இப்ப எத்தன இருக்குது?”

என்னிடம் பதில் இல்லை. எத்தனை என்று ஒரு எண் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

“அளக்காம எப்படிக் கழட்டற? ஸ்கேல எடுத்துட்டு வா. டேப் வேண்டாம், அது வளையும். ஸ்டீல் ஸ்கேல்.”

அன்று மாலை உட்கார்ந்து படித்தேன். அடுத்த நாள் காலை இருவருமாக அளந்தோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சஸ்பென்ஷனில் மற்ற எல்லா வேலையும் இந்த அளவின்மேல்தான் நிற்கிறது.

வண்டியை ஸ்டாண்டில் தூக்கிப் பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்படி வைக்க வேண்டும். அக்சிலின் நடுவிலிருந்து நேர் மேலே, பின் மட்கார்டு பக்கத்தில் ஒரு இடத்தில் டேப் ஒட்டிக் கோடு போட வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் முதல் எண். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஆள் ஏறாமல், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அதே தூரத்தை அளக்க வேண்டும். முதல் எண்ணிலிருந்து எவ்வளவு குறைந்ததோ, அது வண்டி தன் எடைக்கு மட்டும் அமுங்கும் அளவு. இதை ஃப்ரீ சேக் என்கிறார்கள். கடைசியாக நாம் ஏறி நிற்கும்போது அளப்பது. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம், முதுகில் தண்ணீர்ப் பை என்று ஓட்டும்போது என்னென்ன இருக்குமோ எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்க வேண்டும். இதுதான் ரைடர் சேக்.

ரப்பர் சீலும் புஷ்ஷும் இறுக்கிப் பிடிப்பதால் வண்டி ஒரே இடத்தில் வந்து நிற்காது. கீழே அமுக்கி மெதுவாக விட்டால் ஒரு எண், மேலே தூக்கி மெதுவாக விட்டால் வேறு எண். இரண்டையும் எடுத்துச் சராசரி போட வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் அதிகமாக இருந்தால் எங்கோ உராய்கிறது என்று அர்த்தம். எண்ணைத் திருத்துவதற்கு முன்னால் அதைத் தேட வேண்டும்.

மண்ணில் ஓடும் வண்டிக்கு ரைடர் சேக் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருப்பது வழக்கம். 220 மி.மீ. பயணத்துக்கு 66 முதல் 72 வரை. ஃப்ரீ சேக் அதில் மூன்றில் ஒரு பங்கு, 20 முதல் 25 வரை. என் உடல் எடை 81 கிலோ, எல்லாம் மாட்டிக்கொண்டால் 92. என் வண்டியில் வந்த எண்கள்: ஆள் இல்லாமல் 36, ஆளோடு 94.

ஆளோடு 94 என்றால், இருக்க வேண்டிய 70-ஐவிட 24 மி.மீ. கூடுதலாகப் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அப்பா காகிதத்தில் ஒரு முக்கோணம் போட்டுக் காட்டினார். வண்டியின் இரு அக்சில்களுக்கு இடையே சுமார் 1,420 மி.மீ. ஒரு முனை 24 மி.மீ. இறங்கினால் மொத்த வண்டியும் ஏறக்குறைய 1 டிகிரி பின்னால் சாய்கிறது. ஃபோர்க்கின் கோணமும் கூடவே சாய்கிறது, ட்ரெயில் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்) நீள்கிறது, முன்சக்கரத்தின் மேல் இருக்கும் பாரம் குறைகிறது. நேர்ப்பாதையில் வண்டி அமைதியாகப் போகும், வளைவில் முன்சக்கரம் மண்ணைக் கடிக்காது. நான் மூன்று மாதமாக முன்பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்த குறை முழுக்கப் பின்பக்கத்தில் இருந்தது. கால் எட்ட வேண்டும் என்று நானே கழற்றிய ஐந்து சுற்றில் இருந்தது.

கால் எட்டாததற்குச் சஸ்பென்ஷனில் மருந்து தேடக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் பலரும் இதைத்தான் செய்கிறோம், நம் உயரம் அப்படி. நான் பிறகு சீட் தைப்பவரிடம் கொடுத்து நடுப்பகுதி ஸ்பாஞ்சில் 20 மி.மீ. மட்டும் எடுத்து, ஓரங்களைச் சரித்து வாங்கினேன். அப்புறம் நிற்கும்போது இடுப்பை இடதுபக்கம் நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றப் பழகிக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அந்தப் பயம் போய்விட்டது.

சரி, வளையத்தைத் திரும்ப ஐந்து சுற்று ஏற்றினோம். ஆளோடு சரியாக 70 வந்தது. ஆள் இல்லாமல் அளந்தால் 12.

இந்த 12-ஐ அப்போது நான் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருக்க வேண்டும். பிரீலோடு ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று நாம் பேசிக்கொள்வோம். அது தவறு. ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியிலும் சுருளிலும் இருக்கிறது, வளையத்தைத் திருகுவதால் அது மாறாது. பிரீலோடு மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான். என் எடைக்கு அந்த ஸ்பிரிங் மென்மை. அதனால் என்னைத் தூக்கிப் பிடிக்க அதை முன்கூட்டியே நிறைய இறுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கியதால் நான் இல்லாதபோது வண்டி அமுங்குவதற்கே இடமில்லாமல் போனது. ஆளோடு எண் சரியாக வந்து, ஆள் இல்லாமல் எண் குறைவாக இருந்தால் ஸ்பிரிங் மென்மை. ஆள் இல்லாமல் எண் அதிகமாக இருந்தால் ஸ்பிரிங் கடினம். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். எனக்கும் இரண்டு நாள் பிடித்தது. ஒரு காகிதத்தில் எண் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஃப்ரீ சேக் குறைந்தால் என்ன ஆகும் என்பது டிராக்டர் குழிகளில் தெரிந்தது. சக்கரம் கீழே இறங்கிக் குழியைத் தொட வேண்டிய நேரத்தில் இறங்குவதற்குப் பயணம் மிச்சமில்லை. பின்சக்கரம் காற்றில் மிதந்து அடுத்த மேட்டில் டக் டக் என்று மோதியது. பிரேக் பிடித்துக்கொண்டு குழிகள் மேல் போனால் பின்பக்கம் இடமும் வலமும் ஆடியது.

கோவையில் ஸ்பிரிங் சுற்றித் தரும் பட்டறைகள் உண்டு. பழைய ஸ்பிரிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டறைக்காரர் வெர்னியர் வைத்து அளந்தார். கம்பி 11 மி.மீ. “எவ்வளவு கடினம் வேணுங்க?” என்று கேட்டார். இந்தமுறை என்னிடம் எண் இருந்தது. என் எடை ஏறியதால் மட்டும் அமுங்கியது 94-லிருந்து 36 போக 58 மி.மீ. அது 48 அளவுக்கு வர வேண்டும். அப்படியென்றால் ஏறக்குறைய 20 சதவீதம் கடினமான ஸ்பிரிங். சுருளின் விட்டமும் எண்ணிக்கையும் அப்படியே இருக்க, கம்பியை 11.5 மி.மீ. ஆக்கினால் போதும் என்றார். ஸ்பிரிங்கின் கடினம் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்காக ஏறும். 11.5-ஐ 11-ஆல் வகுத்து நான்கு முறை பெருக்கினால் 1.19 வருகிறது. அரை மில்லிமீட்டர் கம்பியில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

புதிய ஸ்பிரிங்கை மாட்டி, பிரீலோடைத் திரும்ப வைத்தோம். ஆளோடு 70, ஆள் இல்லாமல் 21. அப்பா அந்த இரண்டு எண்களையும் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் விழுந்தேன்.

ஓடைக்குள் இறங்கும் கரைக்கு முன்னால் ஒரு சின்ன வரப்பு உண்டு. வழக்கமாக அதன்மேல் சீட்டிலிருந்து எழுந்து நின்று போவேன். அன்று வரப்பில் ஏறியதும் பின்பக்கம் என்னை மேலே எறிந்தது. முன்சக்கரம் முதலில் தரையில் குத்தியது, நான் ஹேண்டிலுக்கு மேலே பறந்தேன். ஹெல்மெட்டும் மார்புக் கவசமும் காப்பாற்றின. இடது மணிக்கட்டு சுளுக்கி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன். விழுந்த இடத்தில் கல் எதுவும் இல்லாமல் இருந்தது நல்லகாலம்.

தவறு என்னுடையது. கடினமான ஸ்பிரிங் அமுங்கும்போது அதிகச் சக்தியைச் சேர்த்து வைக்கிறது. விரியும்போது அதே வேகத்தில் திருப்பித் தருகிறது. அதைக் கட்டுப்படுத்துவது ரீபவுண்டு டேம்பிங். ஸ்பிரிங்கை மாற்றினால் ரீபவுண்டையும் அதற்கேற்ப இறுக்க வேண்டும். நான் பழைய மென்மையான ஸ்பிரிங்குக்கு வைத்திருந்த கிளிக்கிலேயே விட்டுவிட்டேன். புதிய ஸ்பிரிங் போட்ட அன்று வரப்பில் ஏறவே கூடாது. முதலில் நின்ற இடத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டும், பிறகு நடை வேகத்தில், பிறகுதான் வேகம்.

கை ஆறிய பிறகு ரீபவுண்டை ஒழுங்காகப் பழகினேன். ஸ்க்ரூவைக் கடிகாரச் சுற்றில் மெதுவாக முழுதும் மூட வேண்டும். அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் ஊசிமுனை பழுதாகும். மூடிய இடத்திலிருந்து வெளியே வரும் கிளிக்குகளை எண்ண வேண்டும். எப்போதும் மூடிய இடத்திலிருந்துதான் கணக்கு. விழுந்த அன்று 14 கிளிக் வெளியே இருந்திருக்கிறது. மூன்று கிளிக் உள்ளே, 11-க்குக் கொண்டுவந்தேன். வரப்பில் தூக்கி எறிவது நின்றது. இன்னும் நன்றாக இருக்கும் என்று 7 வரை போனேன். அப்போது வேறு கோளாறு வந்தது. ஒரு குழியில் அமுங்கிய ஷாக் அடுத்த குழி வருவதற்குள் முழுதாக விரிந்து வரவில்லை. மூன்றாவது, நான்காவது குழியில் இன்னும் கீழே போனது. ஏழெட்டுக் குழி தாண்டும்போது பின்பக்கம் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. முதல் இரண்டு குழியில் நன்றாக இருந்து, போகப்போகக் கடினமானால் ரீபவுண்டு அளவுக்கு மேல் மெதுவாக இருக்கிறது என்று அடையாளம். பலர் இதைக் கம்ப்ரஷன் (அமுங்கும்போது எதிர்க்கும் டேம்பிங்) அதிகம் என்று நினைத்து அந்தப் பக்கம் திருகுவார்கள். இப்போது 10-ல் நிற்கிறது.

இந்த நீண்ட பயணம் என்பதே மோட்டோகிராஸ் என்ற மண்பாதைப் பந்தயத்தில் ரொம்பப் பழைய விஷயம் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பேராசிரியர் லூசியன் டில்கென்ஸ் ஒற்றை ஷாக் யோசனையைக் கொண்டுவர, யமஹா அதை எடுத்துக்கொண்டது. 1973-ல் அந்த வண்டியில்தான் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். சக்கரம் அதிகம் மேலும் கீழும் போனால் மண்ணை விடாமல் தொடர முடியும் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது. அந்தப் பயணத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க எனக்குத்தான் இத்தனை நாள் பிடித்தது. சேக் என்பது குழிக்குள் இறங்க நாம் ஒதுக்கி வைக்கும் பங்கு, மீதி மேட்டை விழுங்க.

பின்பக்கம் சரியானதும் முன்பக்கத்தின் உண்மையான நிலை வெளியே வந்தது. நானே ஊற்றிய கெட்டி ஆயிலும் கூடுதல் அளவும் இன்னும் ஃபோர்க்குக்குள் இருந்தன. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில், சீலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஜிப் டை கட்டி, கீழே சீல்வரை தள்ளிவிட வேண்டும். ஓட்டிவிட்டு வந்தால் ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியது என்று அது காட்டும். நம் சுற்றில் உள்ள மிகக் கடினமான இடத்தில் முழுப் பயணத்துக்கு 10, 15 மி.மீ. மிச்சம் வைத்து நின்றால் நல்லது. என்னுடையது 250-ல் 165-ல் நின்றது. மீதி 85 மி.மீ. பயணத்தை நான் ஒருநாளும் தொட்டதே இல்லை. கை வலிக்காமல் என்ன செய்யும்?

ஆயிலை முழுக்க வடித்தேன். சொல்லப்பட்ட தடிமனில் புதிய ஆயில் ஊற்றினேன். இந்தமுறை அளந்து ஊற்றினேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதும் அமுக்கி வைத்து, குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் மட்டம்வரை அளப்பது முறை. அந்தக் காற்று இடைவெளிதான் கடைசி மூன்றில் ஒரு பங்குப் பயணத்தின் கடினத்தைத் தீர்மானிக்கிறது. ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், கடைசியில் காற்றே ஒரு ஸ்பிரிங்காகி எதிர்க்கும். நான் 30 மி.மீ. அதிகமாக ஊற்றியிருந்தேன். 5 மி.மீ. மாற்றினாலே உணர முடிகிற இடம் இது. ஆயில் தடிமன் அப்படியில்லை. அது முழுப் பயணத்திலும், அமுங்கும்போதும் விரியும்போதும் சேர்த்தே மாற்றும். அதனால் கடைசி அடியை மட்டும் தாங்க வேண்டுமென்றால் ஆயில் மட்டத்தைத் தொடலாம், தடிமனைத் தொட வேண்டாம். இப்போது ஜிப் டை 235-ல் நிற்கிறது.

முன்சக்கரத்தைத் திரும்ப மாட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. அக்சில் நட்டை முடுக்கியதும் அதைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை முடுக்கிவிடக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை ஃபோர்க்கை அமுக்க வேண்டும். இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக உட்கார்ந்த பிறகே அந்த போல்ட். இதை விட்டுவிட்டால் ஃபோர்க் இறுகியே நகரும். எவ்வளவு நல்ல ஆயில் ஊற்றினாலும் பயனில்லை.

அப்புறம் வேகம். பின்பக்கம் 24 மி.மீ. எழுந்ததால் வண்டி இப்போது வளைவில் அழகாகத் திரும்பியது. நிலத்தின் கிழக்கு ஓரத்தில் நேராக ஓடும் வண்டித்தடத்தில் மணிக்கு 70 கி.மீ.-ஐத் தொட்டதும் ஹேண்டில் படபடவென்று ஆட ஆரம்பித்தது. முதல் வேலையாக ஸ்டியரிங் பேரிங்கைப் பார்த்தேன். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் தளர்வு கையில் தெரியும். தளர்வு இல்லை. ஃபோர்க் குழாய்கள் மேல் கிளாம்புக்கு மேலே 10 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தன. அதை 5-ஆகக் குறைத்தேன். முன்பக்கம் 5 மி.மீ. உயர்ந்தது. பின் அக்சிலையும் செயின் அட்ஜஸ்டரில் ஒரு கோடு பின்னால் தள்ளினேன். ஆட்டம் நின்றது, வளைவில் பிடிப்பும் கெடவில்லை. திரும்பும் தன்மையும் நேராக ஓடும் அமைதியும் ஒரே தராசின் இரண்டு தட்டு. நம் நிலம் எப்படியோ அதற்கேற்ப முள்ளை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மணல் அதிகமுள்ள இடத்தில் ஓட்டுபவர் முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தியே வைப்பார்.

செயின் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இது கிட் போட்ட எல்லோருக்கும் வரும். பழைய பழக்கத்தில் நான் செயினைச் சாதாரண வண்டிக்கு வைக்கும் தளர்விலேயே வைத்திருந்தேன். முன் ஸ்ப்ராக்கெட்டின் நடு, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் சுழலும் பிவட், பின் அக்சில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். கிட் போட்ட வண்டி நிற்கும்போது ஸ்விங்ஆர்ம் கீழ்நோக்கி அதிகம் சரிந்திருக்கிறது. அந்த நிலையில் தளர்வு சரியாகத் தெரிந்தால், நடுப் பயணத்தில் செயின் வில் நாண் மாதிரி விறைத்துவிடும். ஷாக் அதற்கு மேல் அமுங்க முடியாமல் திணறும். கியர்பாக்ஸின் முன் ஸ்ப்ராக்கெட் தண்டு, பேரிங், சீல் எல்லாம் அடி வாங்கும். எனக்கு அந்த சீலில் ஆயில் கசிந்த பிறகுதான் தெரிந்தது. பின்னிருக்கையின் மேல் பட்டை போட்டு, மூன்று புள்ளியும் நேர்க்கோட்டுக்கு வரும்வரை வண்டியைக் கீழே இழுத்துக் கட்டி, அங்கே 10 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வைத்தேன். பட்டையை அவிழ்த்ததும் செயின் தொங்குவது போலத் தெரிந்தது. அதுதான் சரியான அளவு. பார்க்கிறவர்கள் எல்லோரும் “அண்ணா, செயின் லூசா இருக்குதுங்க” என்று சொல்வார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்குகிறேன்.

டயர் காற்று விஷயத்தில் சுருக்கமாக. மண்ணுக்குக் காற்றைக் குறைக்க வேண்டும் என்று 14 பி.எஸ்.ஐ. வைத்தேன், சுக்கான்கல் மேட்டில் ட்யூப் இரண்டு இடத்தில் கடிபட்டது. எங்கள் நிலத்துக்கு 18 சரியாக இருக்கிறது. எதைச் சோதித்தாலும் டயர் ஆறியிருக்கும்போது அதே அளவு காற்றோடு சோதிக்க வேண்டும். இரண்டு பி.எஸ்.ஐ. குறைந்ததை ஷாக் மென்மையாகிவிட்டது என்று நினைத்து ஒரு காலை முழுக்க வீணாக்கியிருக்கிறேன்.

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் புழுதியை வாரிப் போடும். அந்த நாட்களில் ஃபோர்க் சீலில் ஆயில் கசிந்தால் உடனே சீலை மாற்ற ஓட வேண்டாம். பெரும்பாலும் உள்ளே ஒரு மணல் துகள் சிக்கியிருக்கும். பழைய கேமரா நெகட்டிவ் ஃபிலிமில் ஒரு துண்டு வெட்டி, தூசி மூடியைக் கீழே இறக்கி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் செருகி ஒரு சுற்றுச் சுற்றினால் அழுக்கு வெளியே வந்துவிடும். எனக்கு இரண்டு முறை இதிலேயே கசிவு நின்றது. ஓட்டி முடித்ததும் குழாயில் ஒட்டிய மண் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் இந்த வேலையும் குறையும்.

இப்போது எந்தத் திருத்தம் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டு கிளிக்குக்கு மேல் ஒரே தடவையில் திருப்புவதில்லை. திருப்பிவிட்டு அதே சுற்றை அதே வேகத்தில் இரண்டு முறை ஓட்டுவேன். நோட்டில் தேதி, காற்று, சேக் எண்கள், கிளிக், வெயிலா காலைக் குளிரா என்று எழுதுவேன். மதிய வெயிலில் ஷாக் ஆயில் இளகிவிடும். காலையில் வைத்த ரீபவுண்டு அப்போது ஒரு கிளிக் வேகமாகத் தெரியும். நோட்டு இல்லாவிட்டால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். வண்டி பிடிக்காமல் போனால் திரும்பிப் போக ஒரு பழைய பக்கம் இருக்கிறது என்பதே பெரிய தைரியம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்களோடு ஓட்டும் தம்பி ஒருவன் என் வண்டியை ஒரு சுற்றுக் கேட்டான். எல்லாம் மாட்டிக்கொண்டும் 58 கிலோதான் வருவான். திரும்பி வந்து, “அண்ணா, கல்லு மாதிரி இருக்குதுங்க, நீங்க எப்படி ஓட்டறீங்க?” என்றான். அவனை ஏறி நிற்கச் சொல்லி அளந்தேன். 52. எனக்கு 70 அமுங்கும் ஸ்பிரிங் அவனுக்கு அவ்வளவுதான் இறங்கும். அவன் சொன்னது அவன் எடைக்குச் சரி. அவன் வண்டியிலும் அதே கிட்தான், என்னைப் போலவே பிரீலோடைக் கழற்றி விட்டிருக்கிறான். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அப்பாவும் வருகிறேன் என்றார். ஸ்டீல் ஸ்கேலை இப்போதே டூல் பையில் எடுத்து வைத்துவிட்டார்.